சாவி உத்தியோகம்

புளியம்பட்டியிலிருந்து கோயமுத்தூர் போகிற சாலையில் அந்தக் காலத்தில் எத்தனை இறக்கங்கள் என்று என்னைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினொன்று. அவற்றில் எஞ்சினை அணைத்துவிட்டு உருளக்கூடியவை ஏழு. அந்த ஏழில் மூன்று பர்லாங்குக்கு மேல் போகக்கூடியவை இரண்டே இரண்டு. பன்னிரண்டாம் வாய்ப்பாடு எனக்கு இன்று வரை தகராறுதான். என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தே வாத்தியார்கள் ஓய்ந்து போனார்கள். இறக்கங்களின் கணக்கில் மட்டும் நான் எப்போதும் நூற்றுக்கு நூறு. ஒருத்தன் தலைக்குள் உருப்படாத விஷயங்களுக்குத்தான் எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள்.

எல்லாம் அப்பா தந்த படிப்பு. அப்பாவுக்குப் புளியம்பட்டியில் ஒரு சின்ன ஜின்னிங் பாக்டரி இருந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற தொழில். புருவத்திலும் மீசையிலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு, எழுபது வயதுக் கிழவராக வீட்டுக்கு வருவார். குளித்து முடித்ததும் மறுபடி நாற்பதுக்குத் திரும்பிவிடுவார். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கறுப்புக் காரை அப்பா வாங்கினார். வாங்கியது பெருமைக்கு. ஓட்டியது பயத்தோடு.

அந்தப் பயம் யுத்த காலத்தில் பிடித்தது. அப்போது அவர் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்காரருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோலுக்குக் கூப்பன். இறக்கத்தில் எஞ்சின் சத்தம் கேட்டால் மண்டிக்காரர் பின்சீட்டிலிருந்து கைத்தடியால் அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டுவாராம். யுத்தம் முடிந்தது. கூப்பன் ஒழிந்தது. மண்டிக்காரரும் போய்ச் சேர்ந்தார். சொந்தக் கார் வந்த பிறகும் அப்பாவின் தோள் மட்டும் அந்தத் தட்டலுக்குக் காத்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மெக்கானிக்கிடம் கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லி அப்பா பக்கத்தில் குந்திக்கொண்டார். நானும் குந்திக்கொண்டேன்.

"ஏனுங்க, எறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா பெட்ரோலு நின்னு போகுமல்லோ?" என்றார் அப்பா.

மெக்கானிக் ஓர் ஊசித் துளையை விரலால் காட்டினார். "எங்கீங்க மொதலாளி நிக்குது? எஞ்சின் சுத்தற மட்டும் இந்தப் பொட்டு ஓட்டை வழியா உறிஞ்சிட்டேதான் இருக்கும். மடி வத்திப்போனாலும் கன்னுக்குட்டி சப்பறத உடுதுங்களா?"

"அப்பக் கன்னுக்குட்டியவே தூங்க வெச்சுப்போட்டா?"

"சாவிய அணைச்சுப்போட்டு உருட்டறீங்களா? உருட்டுங்க, ஆரு வேண்டாம்னா. வெய்யக்காலத்துல மட்டும் வேண்டாமுங்க. சூட்டோட நிறுத்துனா பெட்ரோலு பைப்புக்குள்ளயே ஆவியாப் போயிரும். அப்பறம் நீங்க தலகீழா நின்னாலும் கெளம்பாது."

அப்பா முதல் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டார். இரண்டாம் பாதியை நான் ஏன் வாங்கிக்கொள்ளவில்லை என்பதற்கு எனக்கு எட்டு வயது என்பதைத் தவிர வேறு சமாதானம் கிடையாது.

அந்தக் காரில் சாவி, டேஷ்போர்டின் நடுவில் இருந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு எட்டிச் சாவியைத் திருகுவது அப்பாவுக்குத் தொந்தரவு. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கோ அது மூக்குக்கு நேரே இருந்தது. ஆகவே எனக்கு உத்தியோகம் கிடைத்தது. மேட்டின் உச்சி வந்ததும் அப்பா கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவார். பிறகு தொண்டைக்குள்ளேயே "ம்" என்பார். நான் சாவியைத் திருகி அணைப்பேன். எஞ்சின் செத்துப்போகும். காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும் மிஞ்சும். இறக்கத்தின் அடியில் வேகம் தீர்வதற்குள் "போடு" என்பார். சாவியைப் போடுவேன். அவர் மூன்றாவது கியரில் தள்ளிக் கிளட்ச்சை விடுவார். கார் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு கண் விழிக்கும்.

உருளும்போது வண்டிக்குள் சட்டதிட்டங்கள் உண்டு. கையை வெளியே நீட்டக்கூடாது, காற்று பிடித்து இழுக்கும். எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும். அம்மா பின்சீட்டில் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு சொல்வாள்: "மூச்சு விடலாமுங்களா? இல்ல அதுக்கும் பெட்ரோலு செலவாகுமுங்களா?"

"மெதுவா விடு அம்மணி," என்பார் அப்பா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா சிரிப்பாள். அப்பாவும் சிரிப்பார், ஆனால் முன்னால் சாய்ந்தபடி. நான் பர்லாங்குக் கல்லை எண்ணி உரக்கச் சொல்வேன். பழைய சாதனையைத் தாண்டிவிட்டால் காருக்குள் கைதட்டல். தங்கச்சிக்கு ஒன்றே முக்கால் வயது. எதற்கென்று தெரியாமலே அவள்தான் பலமாகத் தட்டுவாள்.

பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக்கொண்டது வேறு. "எங்க காரை நானும் எங்கப்பாவும் பங்குல ஓட்டறோம். அவரு ஓட வெப்பாரு, நான் நிறுத்துவேன்." இதை நிரூபித்துக் காட்ட வேண்டிய நிர்ப்பந்தமும் ஒருநாள் வந்தது. கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை அணைத்தால் எரியாத பெட்ரோல் போய்ச் சைலன்சரில் தேங்கும், மறுபடி சாவியைப் போட்டால் மொத்தமும் ஒரேயடியாகப் பற்றி வெடிக்கும் என்பதை நான் தற்செயலாகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூட வாசலைக் கார் கடந்தபோது சாவியை அணைத்து, மறுபடி போட்டேன். டமார். முன்னால் சைக்கிளில் போன டிரில் மாஸ்டர் ஹாண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்தினார். அவர் கிளுவை வேலிக்குள் போய்ச் சேர்ந்ததையும், அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு நடந்த டிரில்லையும் விவரிக்க இது இடமில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை. அன்று மாலை காரில் உட்காரவைத்து, "இனி நான் 'ம்'முன்னு சொல்லாம சாவியத் தொட்டீன்னா, பொறகால அம்மா மடியிலதான் உக்காரோணும். தெரிஞ்சுதா?" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய அவமானத்தை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. என்னாலும்தான். அன்று முதல் நான் ஒழுங்கான உத்தியோகஸ்தன் ஆனேன். "ம்" வந்தால் சாவி. வராவிட்டால் இரண்டு கையும் தொடைக்கு அடியில்.

சித்திரை மாதத்தில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் ஊர் டாக்டர் மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் உச்சிவேளையில் குழந்தையின் கண் மேலே செருகுவதைப் பார்த்துவிட்டு, உடனே கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. எப்போதும் போல நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அம்மா பின்னால், ஒரு போசியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, பழைய வேட்டித் துணியை நனைத்து நனைத்துக் குழந்தையின் நெற்றியில் போட்டபடி வந்தாள்.

அப்பா அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. முதல் இறக்கம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். "ம்" வரவில்லை, கார் உறுமிக்கொண்டே இறங்கியது. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதும். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. எத்தனை பெட்ரோல் வீணாகிறது! அதைவிட, வேலை இருந்தும் கூப்பிடப்படாத உத்தியோகஸ்தன் என்ன ஆவான்?

அன்னூரைத் தாண்டி எங்கள் சாதனை இறக்கம் வந்தது. நான்கு பர்லாங்கு. உச்சியில் அப்பாவின் கை, அவரைக் கேட்காமலே, பழக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. அதே நொடியில் பின்னால் திரும்பி, "எப்படி இருக்குது?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

நியூட்ரல் விழுந்ததை நான் பார்த்தேன். "ம்" வரவில்லை. அவர் சொல்ல மறந்திருப்பார், பாவம், நாமாவது பொறுப்பாக இருப்போம் என்று நினைத்தேன். சாவியைத் திருகினேன்.

எஞ்சின் சத்தம் ஓய்ந்ததும் தங்கச்சியின் மூச்சுச் சத்தம்தான் காருக்குள் பெரிதாகக் கேட்டது. ஒரு பர்லாங்குக் கல் போன பிறகுதான் அப்பாவுக்கு விஷயம் உறைத்தது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கோபம் என்று சொல்ல முடியாது. "போடு," என்றார். போட்டேன். மூன்றாவது கியர். கார் உலுக்கியது, விழிக்கவில்லை. இரண்டாவது கியர். இன்னும் பலமாக உலுக்கியது. குழந்தை ஈனஸ்வரத்தில் முனகியது. அதற்குள் வேகமெல்லாம் தீர்ந்து, இறக்கத்தின் அடியில் ஒரு வறண்ட பள்ளத்துப் பாலத்துக்குப் பக்கத்தில் கார் நின்றுவிட்டது.

அப்பா பானட்டைத் தூக்கினார். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. ஸ்டார்ட்டரை இழுத்தார், இழுத்தார், வண்டி இருமிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் பம்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். அதைக் குளிர வைக்க வேண்டும். சுற்றிலும் கிணறு இல்லை, வீடு இல்லை, ஒரு மர நிழல்கூட இல்லை. போசியில் இரண்டு கை தண்ணீர் இருந்தது.

அப்பா பின் ஜன்னலுக்கு வந்தார். "அம்மணி, அந்தத் துணியக் குடு."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குழந்தையின் நெற்றியிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தத் துணியை அப்பா பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினார். நான் போசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொட்டுச் சொட்டாக ஊற்றச் சொன்னார். சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். அந்த வேலையையும் நான் நன்றாகவே செய்தேன். கோயமுத்தூரிலிருந்து சத்தியமங்கலத்துக்குப் போகிற பஸ் ஒன்று எதிர்த்திசையில் போனது. கார் கிளம்பியபோது பாலத்துச் சுவரின் நிழல், அம்மா இருந்த ஜன்னல் வரைக்கும் நீண்டு வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் நேரத்தோட கொண்டாந்திருக்கலாமுங்களே," என்றார். டாக்டர்கள் எல்லாரிடமும் சொல்கிற வாக்கியம்தான் அது என்று இந்த வயதில் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது தீர்ப்பு. பொழுது சாயும் முன் தங்கச்சி போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களில் மெக்கானிக்கும் ஒருவர். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். தொழில்காரர் அல்லவா, கேட்காமல் இருக்க முடியவில்லை. "எறக்கத்துல அணைச்சீங்களாக்கும் மொதலாளி?"

"அணைச்சுப்போட்டனுங்க," என்றார் அப்பா.

"நிறுத்தாம இருந்திருந்தா ஓடியே இருக்குமுங்க," என்று சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார். உள்ளே இருந்த அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கும் கேட்டது. எனக்கு மனத்தாங்கல் வேறு. அணைத்தது நான். என் வேலையை அப்பா தன் பெயரில் போட்டுக்கொண்டதில் எனக்கு நியாயமே தெரியவில்லை. கார் நின்றதற்கும் தங்கச்சி இல்லாமல் போனதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்பதை அந்த வீட்டில் இரண்டு பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் கோட்டின் ஒரு முனையில் நான் நின்றுகொண்டிருப்பதை அறிந்தவர் ஒருவர்தான்.

பத்து நாள் கழித்துக் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்திலிருந்து மாமன் வந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போனார். "நீயும் வாடா கண்ணு," என்று அம்மா கூப்பிட்டாள். மாட்டேன் என்றேன். கார் எங்கேயோ அங்கேதானே என் உத்தியோகம். அம்மா என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பஸ் ஏறிவிட்டாள்.

வைகாசி முழுவதும் கார் கொட்டகையிலேயே கிடந்தது. அப்பாவும் நானும் ஓட்டல் இட்லியில் காலம் தள்ளினோம். அப்பா இரண்டு கடிதம் போட்டார். மாமன்தான் பதில் எழுதினார்: சௌக்கியம், மழை இல்லை, வாழை பரவாயில்லை. அம்மாவைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காரைத் துடைத்து வெளியே எடுத்தார். "அம்மாளக் கூட்டியாரலாம், வா."

"வரமாட்டேன்னு சொன்னாங்கன்னா?"

"கேட்டுப் பாக்கலாம், சாமி," என்றார்.

நம்பியூர் வழியாகப் போனோம். அருமையான இறக்கங்கள் உள்ள சாலை. ஒன்றில்கூட அப்பா நியூட்ரல் போடவில்லை. "அப்பா, எறக்கமுங்க," என்று நினைவூட்டினேன். "அப்பா, பெரிய எறக்கமுங்க." அவர் கியரைத் தொடவில்லை. துக்கத்தில் மனுஷருக்குத் தொழிலே மறந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

மாமன் வீடு வாய்க்காலை ஒட்டிய தோட்டத்துக்குள் இருந்தது. சாலையிலிருந்து வாழைத் தோப்பின் நடுவே ஒரு மண்தடம் சரிந்து கீழே போய் வீட்டு வாசலில் முடியும். அந்தத் தடத்தின் தலைப்பில் அப்பா காரை நிறுத்தினார். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே போய் என்ன சொல்வது என்று தெரியாத ஆள் வேறு என்ன செய்வார்? பிறகு நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை விட்டு, "ம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. திருகினேன். கறுப்புக் கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் வாழை மரங்களுக்கு நடுவே இறங்கி, மாடு கட்டும் கட்டுத்தரையின் மண்சுவரை ஒட்டிப் போய் நின்றது. நாய்கூடக் குரைக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விதைக்குக் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். படக், படக் என்று சத்தம். அப்புறம் அத்தையின் குரல், அதாவது மாமன் சம்சாரத்தின் குரல்.

"எத்தன நாளைக்கு அம்மணி இப்படியே உக்காந்திருப்பே? அவரென்ன வேணுமின்னா செஞ்சாரு?"

"வேணுமின்னு செய்யலீங்க நங்கை." அது அம்மா, அத்தையை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள். "பெத்த புள்ள மடியில வேகுது. அன்னைக்குமா பையனுக்கு 'ம்' கொட்டுவாரு? ஒரு எறக்கம், ஒரே ஒரு எறக்கம் சும்மா போயிருந்தா என்னங்க?"

படக். படக்.

"ஆம்பளைக அப்படித்தான். நாள் போனாச் சரியாப் போயிரும்."

"நெத்தித் துணியக் கேட்டாருங்க. எடுத்துக் குடுத்தேன். நான் ஏன் குடுத்தேன்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வரமாட்டீங்குது." மறுபடி படக், படக். "அவரு நல்லவருதானுங்க. குடியா, அடியா, ஒண்ணும் கெடையாது. ஆனா அந்தத் துணிய வாங்குன கை இருக்குது பாருங்க, அது சோத்துக்குள்ள போறதப் பாத்தா எனக்கு ஆகறதில்லீங்க. அங்க போயி எப்படிங்க நான் சோறு போடுவேன்?"

எனக்கு முதல் விஷயத்திலேயே பொறுக்கவில்லை. அம்மா தப்பாகச் சொல்கிறாள். அன்றைக்கு அப்பா "ம்" கொட்டவே இல்லை. உத்தரவுக்குக் காத்திராமல் நானாகவே அணைத்தேன். அந்தப் பொறுப்புணர்ச்சியை இதுவரை ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அப்பா சொல்லவே இல்..." என்று ஆரம்பித்தேன்.

அப்பாவின் கை என் வாயைப் பொத்தியது. பெட்ரோல் வாடை அடித்தது. பொத்தியபடியே என் காதுக்குள் சொன்னார்: "அன்னைக்குச் சாவி அணைச்ச வெவகாரத்த ஆருகிட்டயும் பேசப்படாது, சாமி. அம்மாகிட்டக்கூட. எப்பவும். அது நம்ம ரண்டு பேருத்துத் தொழில் ரகசியம்."

தொழில் ரகசியம்! அப்படி முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? கண்ணால் சத்தியம் செய்தேன். கையை எடுத்தார்.

பிறகு அவர் ஸ்டார்ட்டரை இழுத்து எஞ்சினை ஊரே கேட்கும்படி அலறவிட்டார். ஹாரனை மூன்று முறை அழுத்தினார். அத்தை மடியில் இருந்த கடலைத் தொலி பறக்க ஓடிவந்தாள்.

"அட, வாங்க, வாங்க! மேல வாரப்பச் சத்தமே கேக்கலீங்களே?"

"இப்பத்தானுங்க வாரோம்," என்றார் அப்பா. காரிலிருந்து இறங்கி, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அம்மா கட்டுத்தரை மூலையில் வந்து நின்றாள். இரண்டு மாதத்தில் அவள் சின்னப் பெண் மாதிரி ஆகியிருந்தாள், அல்லது கிழவி மாதிரி. எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா அவளிடம் "வாறியா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. என் மேல் ஒரு சொல்கூடப் போடவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். என் தோள் எலும்பைத் தொட்டுப் பார்த்தாள். "இப்படி எளச்சுப்போட்டானே," என்றாள். பிறகு அத்தையிடம், அப்பா காதில் விழும்படியாகவே சொன்னாள்: "பையனுக்காகத்தான் போறேனுங்க நங்கை."

துணிமூட்டையோடு பின்சீட்டில் ஏறினாள். நான் முன்கதவைத் திறந்தேன். "பொறகால அம்மாகிட்டப் போயி உக்காரு கண்ணு," என்றார் அப்பா. அவர் "ம்" சொன்ன பிறகுதானே சாவியைத் தொட்டேன், அதற்கு இந்தத் தண்டனையா என்று எனக்கு அழுகை வந்தது. அவர் தலையை ஆட்டினார். போனேன். வழி முழுவதும் அம்மா என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, விரல் விரலாக நீவிவிட்டுக்கொண்டே வந்தாள். கார் ஒவ்வொரு இறக்கத்திலும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு இறங்கியது. ஒருமுறை முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் அப்பாவின் கண் தெரிந்தது. ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்று நான் கண்ணடித்தேன். அவர் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அம்மா சமைத்து இலை போட்டாள். சோறு பரிமாறி, அப்பா பக்கம் பார்க்காமல் சாம்பார்ச் சட்டியோடு நின்றாள். அப்பா கையை இலைக்குக் கொண்டுபோகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தார். காலையில் கடைக்குப் போய் வாங்கியிருப்பார் போலிருக்கிறது, விலைச் சீட்டைக் கிழித்த பசை இன்னும் காம்பில் இருந்தது. அதால் சோற்றைக் கிளறி, பாதி இலையிலும் பாதி மடியிலுமாக, வாய்க்குக் கொண்டுபோனார்.

இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு எப்போது வரும்? வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் எழுந்து, சாம்பார்க் கரண்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டேன். தொப்பையைத் தள்ளி, மூக்கை நிமிர்த்தி, "நாம் துரை காரு வாங்கினான். இனி நாம் கையிலே சோறு தொடமாட்டான்," என்று எஸ்டேட் துரை மாதிரி கூடத்தில் மேலும் கீழும் நடந்தேன்.

அப்பா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அவள் ஸ்பூனைப் பார்த்தாள். பிறகு, வந்ததிலிருந்து முதல் முறையாக, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சட்டியைத் தரையில் வைத்துவிட்டு அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

என் நடிப்பு அவ்வளவு மோசமாகவா இருந்தது என்று எனக்கு ரொம்ப வருத்தமாகப் போய்விட்டது.